மஞ்சள் வீட்டு மரத்தில் ஒட்டியது

வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள் என்பதை வைத்தே சாவிக்கொத்து அவர்களை எடை போட்டுவிடுவார். நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்க்கிறவர்கள் குடித்தனம் நடத்தத் தெரிந்தவர்கள். சுவரைத் தட்டிப் பார்க்கிறவர்கள் ஒழுகுகிற வீட்டில் ஒரு மழைக்காலம் பட்டவர்கள். ஜன்னலைத் திறந்து எதிர்வீட்டை நோட்டம் விடுகிறவர்களுக்கு வீடு எப்படி இருந்தாலும் பிடித்துவிடும். தரகு வேலையிலேயே தலை வழுக்கையான மனிதர் அவர். இடுப்பில் சாவிகள் குலுங்க வருகிறவரை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? ஊரே அவரைச் சாவிக்கொத்து என்றது. அவரும் திரும்பிப் பார்த்தார்.

அப்பேர்ப்பட்டவருக்கே பிடிபடாத ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

முதல் வீட்டில் அவர் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, "வாங்கம்மா, இந்த ஹால்ல சைக்கிளே ஓட்டலாம்" என்று ஆரம்பித்து அலமாரி வரைக்கும் வந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். கூட வந்த புருஷன் மட்டும் வாசற்படியில் நின்று பிடரியைச் சொறிந்துகொண்டிருந்தார். ரயில் பட்டறைக்கு மாற்றலாகி வந்த மெக்கானிக் அவர்.

"அவங்க எங்க சார்?"

"மரத்துகிட்ட."

சாவிக்கொத்து எட்டிப் பார்த்தார். தெருவோர மரத்தில் மூக்கு உரசுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள் அவள். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட சிறிய பூதக்கண்ணாடி கண்ணோடு ஒட்டியிருந்தது. இன்னொரு கையில் சலவைக்காரர் துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டில். பட்டையில் புஸ் புஸ்ஸென்று தெளித்தாள், பார்த்தாள், மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள், மறுபடி தெளித்தாள். பிறகு உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், "இது வேண்டாம்ணே" என்றாள்.

"வீட்டை இன்னும் பாக்கவே இல்லையேம்மா!"

"மரத்துல ஒண்ணுமே இல்லையே."

"மரத்துல என்ன இருக்கணும்? பேயா?"

மெக்கானிக் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். ஆனால் வீடு வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

அருங்காட்சியகத்தில் செடிகொடிப் பிரிவில் அவளுக்கு வேலை. அதிலும் செடியும் இல்லாத கொடியும் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் அவள் படித்தது, எழுதியது எல்லாம். லைக்கன் என்று பெயர். பாறையிலும் மரத்திலும் திட்டுத்திட்டாக அப்பியிருக்குமே, நாம் பாசி என்று சொல்லிக் காலால் தேய்த்துவிட்டுப் போவோமே, அதுதான். "அது வெறும் பாசி இல்லைண்ணே" என்று அடுத்த வீட்டுக்கு நடக்கிற வழியில் அவள் விளக்கினாள். "காளானும் பாசியும் சேர்ந்து நடத்துற குடித்தனம். காளான் வீடு கட்டும், தண்ணி பிடிச்சு வைக்கும். பாசி வெயில்ல சமைக்கும். ரெண்டும் பிரிஞ்சா ரெண்டுக்கும் கஷ்டம்."

"வாடகை யாரு கட்டுறது?" என்றார் சாவிக்கொத்து. தொழில் புத்தி எங்கே போகும்?

"அதுலதான் இன்னும் சண்டை. காளான் பாசியை வேலை வாங்குதுன்னு சிலபேர் சொல்றாங்க."

"அப்ப நம்ம வீடு மாதிரிதான்" என்றார் மெக்கானிக். எது காளான், எது பாசி என்று அவர் சொல்லவில்லை.

அன்றைக்கு வழியெல்லாம் அவள் நின்று நின்றுதான் வந்தாள். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஆரஞ்சு நிறத்தில் காசு காசாக இருந்த ஒன்று சிமெண்டுக்கும் சுண்ணாம்புக்கும் ஆசைப்படுகிறதாம், மரத்தைத் திரும்பிப் பாராதாம். அதே சுவரில் குருவி வந்து உட்கார்ந்து எச்சமிடுகிற முனையில் ஒரு வகை, மழைநீர் வழிகிற கோட்டில் ஒரு வகை, வெயிலே படாத அடிப்பக்கத்தில் மாவு தூவின மாதிரி ஒரு வகை. கைவிட்ட லாரியின் ஜன்னல் ரப்பரில்கூட ஒன்று இருந்தது. துருப்பிடித்த கேட்டில் ஒன்று. "அசையாம பல வருஷம் நின்னா உங்க தலையிலயும் வரும்ணே" என்றாள். சாவிக்கொத்து தன் வழுக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு இடம். கல்லுல வர்றது பட்டையில வராது, பட்டையில வர்றது மண்ணுல வராது. ஒரே மரத்துல தெக்குப் பக்கம் வர்றது வடக்குப் பக்கம் வராது. மனுஷங்க மாதிரி எங்க போட்டாலும் அனுசரிச்சுக்கிறது அதுங்களுக்குத் தெரியாது."

"சரிம்மா. அதுக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் அதற்குள் அடுத்த மரத்துக்குப் போயிருந்தாள். மறுமுறை மகளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது சம்பந்தம் தானாகவே தெரிந்தது.

மகளுக்கு வீட்டில் சிட்டு என்று பெயர். முன் பல் இரண்டும் விழுந்த வயசு. இரண்டாம் மாடி வீடு ஒன்றைப் பார்க்க ஏறினார்கள். பாதிப் படியில் குழந்தை நின்றுவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தோள்பட்டை ஏறி ஏறி இறங்க, உள்ளே யாரோ விசில் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். அம்மா பையிலிருந்து மருந்துக் குழலை எடுத்து வாயில் வைத்து அழுத்தினாள். பழகிப்போன கை. குழந்தை சாவிக்கொத்தைப் பார்த்து, "நீங்க போய்க் கதவைத் திறங்க மாமா, நான் வந்துடறேன்" என்றது.

அந்த வார்த்தை சாவிக்கொத்தின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. கதவைத் திறந்தார், ஆனால் அன்றைக்கு ஹாலைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

ஊரின் மேற்கே உருக்காலை இருந்தது. அதன் புகைபோக்கிகள் எந்த மொட்டைமாடியிலிருந்து பார்த்தாலும் தெரியும். பட்டறைக்காரர்கள் கொடுத்த தற்காலிகக் குடியிருப்பு அதற்கு நேர் கிழக்கே. வந்த நாளிலிருந்து பிள்ளைக்கு இழுப்பு நிற்கவில்லை. புகை இல்லாத இடமாகப் பார்த்துப் போங்கள், இல்லையென்றால் நெஞ்சு நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாற்றலை மறுத்தால் மெக்கானிக்குக்கு வேலை இல்லை. எந்தத் தெருவில் புகை இல்லை என்று யாரைக் கேட்பது? வீட்டுக்காரர்களைக் கேட்டால், எங்கள் தெருவில் தென்றல்தான் வீசுகிறது என்பார்கள்.

"அதனாலதான் மரத்தைக் கேக்கறேன்" என்றாள் அவள். "லைக்கனுக்கு வேர் கிடையாதுண்ணே. தின்றது, குடிக்கிறது எல்லாம் காத்துலேர்ந்துதான். காத்து கெட்டுப்போச்சுன்னா முதல்ல சாகிறது தாடி மாதிரி தொங்குற வகை. அப்புறம் இலை மாதிரி படர்ற வகை. கடைசியா சாந்து பூசின மாதிரி அப்பிக்கிட்டிருக்கிறது மட்டும் தாக்குப்பிடிக்கும். அதுவும் இல்லைன்னா அந்த மரத்தடியில என் பொண்ணைத் தூங்க வைக்க மாட்டேன்."

சாவிக்கொத்து தலையாட்டினார். ஆனால் மனசுக்குள் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மரத்தில் அப்பியிருக்கிற அழுக்குக்கும் பிள்ளையின் மூச்சுக்கும் சம்பந்தமாம்! மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாள் பாசியம்மா என்று நினைத்துக்கொண்டார். அதற்குள் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தாயிற்று.

வீடு மேல் வீடாகக் காட்டினார். கடைத்தெரு மரங்களில் சாந்துகூட இல்லை. பள்ளிக்கூடத்துப் பின்தெருவில் சாந்து இருந்தது. ஆற்றோரம் இலை வகை ஒன்று சுருண்டு கிடந்தது, ஓரமெல்லாம் வெளுத்து. அதைப் பார்த்து அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள், பிறகு "ஊஹூம்" என்றாள். கொத்தில் இருந்த சாவிகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டு வந்தன.

மிஞ்சியது மஞ்சள் வீடு.

மஞ்சள் வீடு பாத்திரக்கடைக்காரருடையது. பெரிய வீடு, நல்ல வீடு, உருக்காலைச் சாலையிலிருந்து கூப்பிடு தூரம். துணி காயப்போட்டால் மாலைக்குள் கரி படியும். போன வாடகைக்காரர் போய் ஒரு முழு வருஷம் காலியாகக் கிடந்தது. சாவிக்கொத்தின் கையில் எந்த வீடும் அத்தனை நாள் பூட்டிக் கிடந்ததில்லை. புதிதாக ஒரு தரகர் ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டிருந்தான், அவனிடம் சாவியைக் கொடுக்கப்போகிறேன் என்று பாத்திரக்கடைக்காரர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். கை விட்டுப் போகிற சாவி திரும்பி வராது என்பது தரகர்களுக்குத் தெரியும். சாவிக்கொத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்றால், ஒரு மரத்தில் நாலு பாசி ஒட்டி ஒரு குடித்தனம் வைக்கக் கூடாதா? அப்படித்தான் அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். தன்னையே கேட்டால் தனக்கு வேண்டிய பதில்தானே வரும்?

அவர் வீடு ஊருக்கு வெளியே, பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்தில், ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் இருந்தது. பின்னால் ஊற்று, ஊற்றங்கரையில் முரட்டுப் பட்டை மரம் ஒன்று. அதில் சாம்பல் பச்சையில் முழ நீளத்துக்குத் தாடி தாடியாகத் தொங்கும். அவர் சம்சாரம் அந்த மரத்துக்குத் தாடிக்காரர் என்றே பெயர் வைத்திருந்தாள். துணி துவைக்கும்போது அதனிடம்தான் புருஷனைப் பற்றிக் குறை சொல்வாள். சாவிக்கொத்து அது காதில் விழாத மாதிரி இருப்பார்.

அவள் சந்தைக்குப் போயிருந்த ஒரு காலை, அவர் மரத்தைச் சுரண்டினார். கைக்கு எட்டின மட்டும் தாடியை உருவிச் சாக்கில் போட்டுக்கொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எதைச் செய்தாலும் குறையில்லாமல் செய்கிற மனிதர் அவர். ஊற்றோரப் பாறையில் ஆரஞ்சுக் காசுகள் இருந்தன, உளியால் பெயர்த்தார். கூரை ஓட்டில் சாம்பல் நிறத்தில் பூப்பூவாய்ப் படர்ந்திருந்தது, கத்தியால் நெம்பினார். மண் சரிவில் சின்னஞ்சிறு கிண்ணங்களாக ஒன்று நிமிர்ந்து நின்றது, பார்க்க அழகாயிருக்கிறதே என்று மண்ணோடு அள்ளினார். பாசியம்மா வகை வகையாய்க் கேட்கிறாள், வகை வகையாய்க் கொடுத்துவிடலாம் என்று எண்ணம்.

மஞ்சள் வீட்டு வாசல் மரத்தில், தச்சர்கள் பலகை ஒட்டுகிற வெள்ளைப் பசையைத் தடவி ஒவ்வொன்றாகப் பதித்தார். தாடி மேலே, ஓட்டுப் பூ நடுவே, கிண்ணம் கீழே, காசு அங்கங்கே. தள்ளி நின்று பார்த்தார். அவருக்கே பெருமையாக இருந்தது. இத்தனை நாள் கழித்து ஒரு வேலையைக் கையால் செய்திருக்கிறோம் என்றுகூடத் தோன்றியது.

மறுநாள் மூவரும் வந்தார்கள். சிட்டுதான் முதலில் பார்த்தது. "அம்மா! தாடி! தாடி இருக்கு!" என்று கையைத் தட்டியது. இத்தனை வீடுகளுக்குப் பின் அதற்கும் பாடம் ஆகியிருந்தது. மெக்கானிக்கின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பட்டறை பக்கம், வீடு பெரிசு, இனி அலைய வேண்டாம். மனுஷன் அங்கேயே, பெட்டிகளை எப்படி ஏற்றுவது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

அவள் மரத்தின் முன்னால் போய் நின்றாள். கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தார் சாவிக்கொத்து. அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மரத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"என்னண்ணே இது, மாநாடா? பாறையில இருக்கிறவர் வந்திருக்கார், ஓட்டுல இருக்கிறவர் வந்திருக்கார், மண்ணுல இருக்கிறவர் மண்ணோடவே வந்திருக்கார்! எல்லாருக்கும் ஒரே மரத்துல எடம் போட்டுக் குடுத்தது யாரு?"

"இயற்கைம்மா" என்றார் சாவிக்கொத்து. வேறென்ன சொல்வது?

ஆரஞ்சுக் காசு ஒன்றை அவள் நகத்தால் நெம்பினாள். அது ஒரு சில்லுப் பாறையோடு கையில் வந்தது. பின்னால் வெள்ளைப் பசை நூல் நூலாய் இழுத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர் திருதிருவென்று விழித்தார். மெக்கானிக்குக்கு மெல்லத்தான் புரிந்தது. புரிந்ததும் அவர் மகளைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றார். பெட்டிக் கணக்கெல்லாம் அவர் முகத்திலிருந்து வழிந்து போயிருந்தது.

சிரிப்பு நின்ற பிறகு அவள் பேசியதுதான் சாவிக்கொத்துக்குத் தாங்கவில்லை. அவள் கத்தியிருந்தால் அவரும் கத்தியிருப்பார், தரகர்களுக்கு அது பழக்கம். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"அண்ணே, தாடியை மட்டும் ஒட்டியிருந்தீங்கன்னா நான் நம்பியிருப்பேனோ என்னவோ. அலைஞ்சு அலைஞ்சு எனக்கும் ஓய்ஞ்சு போச்சு. நம்பி இன்னைக்கே சாமானை இறக்கியிருப்போம். அவ அந்த ஜன்னலோரம் படுத்துத் தூங்கியிருப்பா."

அவர் ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடியில் கரி படிந்திருந்தது. துடைக்க மறந்திருந்தார். நீங்க போய்க் கதவைத் திறங்க மாமா என்று அந்தப் பிள்ளை சொன்னது ஞாபகம் வந்தது. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. மன்னிச்சிருங்கம்மா என்று சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அவள் மரத்தின் பக்கம் திரும்பிவிட்டாள்.

இப்போது கண்ணாடியை எடுத்தாள். தாடியில் ஒரு இழையைப் பிரித்துத் தண்ணீர் தெளித்தாள். சாம்பலாயிருந்தது பச்சையாக நிறம் மாறிற்று. இழையை மெல்ல இழுத்தாள், உள்ளே வெள்ளை நரம்பு ஒன்று ரப்பர் மாதிரி நீண்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டது அவருக்குத் தெரிந்தது.

"இதை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"அது... காட்டுலம்மா."

"எந்தக் காட்டுல? இது நேத்துதான் மரத்தை விட்டு வந்திருக்கு, இன்னும் உயிரோட இருக்கு. நான் இந்த ஊருக்கு வந்து தாடி வகையைக் கண்ணால பாக்கவே இல்லை. எந்த மரத்துல இவ்வளவு நீளமா வளந்திருக்கோ, அங்க புகை எட்டிப் பாக்கலைன்னு அர்த்தம். எங்கண்ணே அந்த மரம்?"

சாவிக்கொத்து பசை ஒட்டின விரல்களைத் தேய்த்தார். சொன்னால் சம்சாரத்துக்குத் தெரிந்துவிடும். தாடிக்காரரைச் சவரம் செய்தது எவன் என்று அவள் நேற்று மாலையிலிருந்து பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளையெல்லாம் நிற்க வைத்து விசாரித்துக்கொண்டிருந்தாள். அவரும் கூட நின்று, "இந்தக் காலத்துப் பசங்களை நம்ப முடியாது" என்று வேறு சொல்லியிருந்தார். ஆனால் கேட்டுக்கு வெளியே சிட்டு இருமிற்று. ஒரே ஒரு இருமல்தான்.

"எங்க வீட்டுக்குப் பின்னாடி" என்றார்.

பஸ்ஸில் மூவரும் அவரை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். மேட்டைத் தாண்டி இறங்கியதும் உருக்காலைப் புகைபோக்கிகள் மறைந்தன. அவள் பஸ்ஸை விட்டு இறங்கின இடத்திலேயே வேலிக்கல்லைப் பார்த்தாள், வேலி மரத்தைப் பார்த்தாள், நடையை எட்டிப் போட்டாள். ஊற்றங்கரையில் சாவிக்கொத்தின் சம்சாரம் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்கம்மா, யாரு நீங்க? வீடு பாக்க வந்தீங்களா? இங்க ஏது வீடு?" என்றவள், புருஷன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்தாள். அவர் விரல்களைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். கெட்டிக்காரி. ஒருவர் சொல்லித்தான் புரிய வேண்டும் என்பதில்லை.

"நீங்களா?"

"ஒரு வியாபார விஷயமா..."

"ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் நிக்க வெச்சுக் கேட்டேனே! பக்கத்துல நின்னு ஆமா போட்டீங்களே!" துடைப்பம் உயர்ந்தது. வெளியாட்கள் இருக்கிறார்களே என்று பாதியில் நின்றது. "நாலு குறை சொல்றதுக்கு ஒருத்தர் இருந்தார், அவரையும் மொட்டையடிச்சாச்சு."

அவளும் பாசியம்மாவும் மரத்தடியில் போய் நின்றார்கள். ஆள் உயரத்துக்குக் கீழே பட்டை சொறி பிடித்தது போலக் கிடந்தது. கைக்கு எட்டாத உயரத்தில் தாடி அப்படியே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பாசியம்மா வெறும் பட்டையைத் தடவிக்கொடுத்தாள்.

"திரும்ப வருமாம்மா?" என்று கேட்டாள் சம்சாரம்.

"வரும். மேலேருந்து துண்டு விழுந்து ஒட்டும். ஆனா வருஷத்துக்கு ஒரு விரல் அகலம் வளந்தாலே பெரிசு. அவர் சுரண்டினதுல நெறைய எங்க சிட்டுவைவிட வயசுல மூத்தது."

சாவிக்கொத்து சிட்டுவைப் பார்த்தார். அது ஊற்றில் காலை விட்டு அளைந்துகொண்டிருந்தது.

"மாடியில யாரு இருக்காங்க?" என்று கேட்டார் மெக்கானிக். அவர் மரத்தையும் பார்க்கவில்லை, சண்டையையும் பார்க்கவில்லை. வெளிப்புறமாக ஏறுகிற படியையும் மேலே இரண்டு ஜன்னலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவிக்கொத்துக்கு அந்தக் கேள்வி முதலில் விளங்கவே இல்லை. மாடி என்றால் அது ஒரு மாடி, அவ்வளவுதான். பழைய கதவுகள், கழற்றிப் போட்ட ஜன்னல்கள், 'வீடு வாடகைக்கு' என்று எழுதின பலகைகள், இவற்றைப் போட்டு வைக்கிற இடம். ஊரில் உள்ள வீட்டுக்கெல்லாம் இடுப்பில் சாவி இருந்தது. அந்த மாடிக்கு மட்டும் அவரிடம் சாவி இல்லை.

"என்கிட்ட இருக்கு" என்றாள் சம்சாரம். "காலி பண்ணுங்க, காலி பண்ணுங்கன்னு எத்தனை வருஷமா கத்தறேன்! கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையற மனுஷன். ஏம்மா, மாடி ஒழுகாது. பஸ்ஸுக்குத்தான் நடக்கணும்."

"பட்டறைக்கு ரெண்டு பஸ் மாறணும்" என்றார் மெக்கானிக் மெதுவாக. மனைவியைப் பார்த்தார். அவள் அண்ணாந்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாறிக்கலாம்" என்று அவரே முடித்தார்.

அந்த வாரமே மாடி காலியானது. தரகு கேட்க அவருக்கு வாய் வரவில்லை, கேட்டிருந்தாலும் துடைப்பம் அருகிலேயே இருந்தது. குடிவந்தவர்கள் முதல் சில நாள் அவரோடு அளந்துதான் பேசினார்கள். அதற்கு அவர் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. இரவில் மாடியிலிருந்து விசில் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பார். தொடக்கத்தில் கேட்டது. பிறகு அபூர்வமாயிற்று. பிறகொரு நாள் அவர் கேட்பதையே மறந்து தூங்கிவிட்டார். காலையில் சிட்டு படியில் தடதடவென்று ஏறி, மேலே நின்று மூச்சு வாங்காமல், "மாமா, உங்க சாவிக்கொத்தை ஊத்துகிட்டயே விட்டுட்டீங்க!" என்று கத்திற்று. சாவியை எடுக்கப் போகாமல் அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

மஞ்சள் வீட்டுச் சாவி இடையில் கைமாறி, மறுபடி அந்தக் கொத்துக்கே வந்திருந்தது. ஸ்கூட்டர் தரகனுக்கும் அந்த வீடு போணியாகவில்லை, பாத்திரக்கடைக்காரர் திரும்பவும் இவரிடமே கொடுத்திருந்தார். மழைக்காலம் முடிந்ததும் ஒரு இளஞ்ஜோடி பார்க்க வந்தது. கைக்குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள் அந்தப் பெண். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், குழாயைத் திறந்தார்கள், சுவரைத் தட்டினார்கள். இருவருக்கும் பிடித்துவிட்டது. புருஷன் முன்பணத்தை எடுக்கச் சட்டைப் பைக்குள் கைவிட்டான்.

சாவிக்கொத்து வாசலில் மரத்தடியில் நின்றார். ஒட்டினது இன்னும் இருந்தது. மேலே தாடி துருப்பிடித்த கம்பியாகப் பழுத்துப் போயிருந்தது. கிண்ணங்கள் கறுத்து மடிந்திருந்தன. தாடியின் நுனியை அவர் விரலால் தொட்டார். அது பொடிப்பொடியாய் உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. பசை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, காசை உள்ள வைங்க" என்றார்.

"ஏங்க, வேற யாருக்காவது பேசிட்டீங்களா?"

"இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு முதல்ல இந்தத் தெருவை விட்டு வாங்க, சொல்றேன்."

கதவைப் பூட்டினார். மஞ்சள் வீட்டுச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றிப் பாத்திரக்கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதற்காகத் தனியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆற்றோரத்தில், அன்று பார்த்ததைவிட வெகுதூரம் தள்ளி, இப்போது ஒரு வீடு காலியாக இருந்தது. அங்கே இலை வகை வெளுக்காமல் இருக்கிறதா என்று முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும். வழியில் அருங்காட்சியகத்தில் நுழைந்து பாசியம்மாவிடம் கண்ணாடியை இரவல் கேட்கலாம்.